சிக் லீவ் முடிஞ்சு வேலைக்குத் திரும்புறது: "ஃபிட்"னு ஒரு பேப்பர் மட்டும் போதுமா?

ரெண்டு மாசம் உடம்பு முடியாம வீட்ல இருந்துட்டு, வர்ற திங்கக்கிழமை ஜாயின் பண்றேன்னு மெயில் போட்டா ஹெச்ஆர்ல இருந்து பதில் வருது: ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் ஆக்குபேஷனல் ஹெல்த் டாக்டரை, அதாவது உங்க உடம்புக்கு உங்க வேலை ஒத்துவருமான்னு பாக்குற டாக்டரை, ஒரு தடவ பாக்கணும். இதைப் படிச்ச உடனே பாதிப் பேருக்குத் தோணுறது, "நான் பொய் சொல்லி லீவ் போட்டேன்னு நினைக்கிறாங்களா?" மீதிப் பேருக்கு, "நம்மள வெளிய அனுப்ப வழி பாக்குறாங்களோ?"

இந்தக் குழப்பம் வர்றதுல தப்பே இல்ல, ஏன்னா சிக் லீவ் ரூலும் திரும்பி வர்றவங்களுக்கான மருத்துவ உதவியும் வேற வேற கேள்வில இருந்து பொறந்த விஷயம். லீவ் ரூல் கேக்குறது "உனக்கு என்ன உடம்பு, எத்தனை நாள் வரமாட்ட?" ஆக்குபேஷனல் ஹெல்த் கேக்குறது "இப்ப இருக்கிற உடம்பை வச்சு உன்னால எந்த வேலை முடியும், எந்த வேலை முடியாது?" முதல் கேள்விக்கு வாங்கின பதிலை வச்சு ரெண்டாவது கேள்வியையும் முடிச்சிடலாம்னு ஆபீஸும் நினைக்குது, வேலை பாக்குறவங்களும் நினைக்கிறாங்க. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

லீவ்னு ஒரே சொல்லு, உள்ள மூணு சமாச்சாரம்

"எங்க கம்பெனில சிக் லீவ் இருக்கு"ன்னு சொல்லும்போது அதுக்குள்ள மூணு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பாத்தாதான் சட்டம் புரியும்.

1. நாள். உடம்பு சரியில்லன்னு எத்தனை நாள் வராம இருக்கலாம்.

2. காசு. அந்த நாளுக்கு யாரு சம்பளம் தர்றது, கம்பெனியா, இன்சூரன்ஸா, இல்ல யாருமே இல்லையா. முழுசா, ஒரு பங்கா.

3. சீட். திரும்பி வரும்போது அந்த வேலை நமக்காக இருக்குமா.

எல்லா நாட்டுச் சட்டமும் இந்த மூணையும் சேத்துத் தர்றதில்ல. அமெரிக்காவுல 1993-ல வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வருஷத்துக்கு 12 வாரம் குடுக்குது, ஆனா சம்பளம் கிடையாது. நாளும் சீட்டும் இருக்கு, காசு இல்ல. அதுவும் 50 பேராவது வேலை பாக்குற இடம், 12 மாசம் சர்வீஸ், அந்த 12 மாசத்துல 1,250 மணி நேரம் வேலைன்னு தாண்ட வேண்டிய வேலி நிறைய. ஜப்பான்ல கதை தலைகீழ். தனியா சிக் லீவ்னு சட்டம் எதையும் கட்டாயமாக்கல, ஜனங்க வருஷ லீவைத்தான் எடுத்து ஓட்டுறாங்க, ஆனா நீண்ட நோய்னா ஹெல்த் இன்சூரன்ஸ்ல இருந்து சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு 18 மாசம் வரைக்கும் வரும். ஜெர்மனில முதல் 6 வாரம் கம்பெனியே முழுச் சம்பளம் தரணும், அதுக்கு மேல போனா இன்சூரன்ஸ் எடுத்துக்கும், ஒரே நோய்க்கு 3 வருஷத்துக்குள்ள 78 வாரம் வரைக்கும். நோய்க்கால இன்சூரன்ஸை நாடு முழுக்கக் கட்டாயமாக்கினதுல 1883-லயே முதல் ஆளா நின்ன நாடு அது, அதனால பழக்கம் ஊறிப் போச்சு.

இந்தியாவுல குழப்பம் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா நீங்க எந்தச் சட்டத்துக்குக் கீழ வர்றீங்கங்கிறதப் பொறுத்து எல்லாமே மாறும். தமிழ்நாட்டுல 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல சிக் லீவ் 12 நாள் வரைக்கும், கேஷுவல் லீவ் 12 நாள் வரைக்கும், அது போக ஒரு வருஷ சர்வீஸுக்கு 12 நாள் லீவ்னு தனித்தனியா எழுதியிருக்கு. அதே காலத்துல, 1948-ல வந்து 2025 வரைக்கும் இருந்த ஃபேக்டரி சட்டத்தைத் திறந்தா சிக் லீவ்னு ஒரு நாள் கூட இல்ல. வருஷத்துல 240 நாள் வேலை பாத்தவங்களுக்கு 20 நாளைக்கு ஒரு நாள்னு ஏர்ன்ட் லீவ், அதாவது வேலை பாத்துச் சேத்த லீவ், மட்டும்தான் இருந்துச்சு. உடம்பு நோகுற ஆளுங்க ஃபேக்டரிலதான் அதிகம், அங்க ஏன் இல்லன்னு கேட்டா, அந்தப் பொறுப்பை இஎஸ்ஐகிட்ட, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்கிட்ட, விட்டுட்டாங்க.

இஎஸ்ஐ கணக்கு இப்படி. மாசச் சம்பளம் 21,000 ரூபா வரைக்கும் இருக்கிறவங்க உள்ள வருவாங்க, அவங்க பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு சரியில்லன்னு இஎஸ்ஐ டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். காசநோய், கேன்சர் மாதிரி பட்டியல்ல இருக்கிற 34 நீண்டகால நோய்க்கு 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டலாம். வேலையிலயே அடிபட்டா அது சிக்னஸ் கணக்குலயே வராது, தற்காலிக ஊனம்னு வேற தலைப்பு, 90 சதவீதம். கை மெஷின்ல மாட்டினதை "சும்மா சிக் லீவ் போட்டுக்கோ"ன்னு சூப்பர்வைசர் சொன்னா, அந்த 70-க்கும் 90-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் யாரு பையில இருந்து போகுதுன்னு யோசிச்சுக்கோங்க.

மூணாவது, அந்த சீட் விஷயம். ஐஎல்ஓங்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட 1982-ம் வருஷத்து 158-ம் உடன்படிக்கை, நோயால தற்காலிகமா வராம இருந்தது வேலையை விட்டு எடுக்கச் சரியான காரணம் ஆகாதுன்னு நேராவே சொல்லுது. 1948 இஎஸ்ஐ சட்டத்துலயும் 73-ம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, சிக்னஸ் பெனிஃபிட் (அந்த இஎஸ்ஐ நோய்க்காலக் காசு) வாங்கிட்டிருக்கிற காலத்துல டிஸ்மிஸ் பண்ணக் கூடாதுன்னு. ஆனா கவனிங்க, இந்த ரூல் எல்லாமே நீங்க வெளிய இருக்கிற காலத்தைத்தான் காப்பாத்துது. உள்ள வந்த முதல் நாள் காலைல உங்களை எங்க உக்கார வைக்கணும், எதைத் தூக்கச் சொல்லணும்னு எந்த லீவ் ரூலும் பேசுறதில்ல.

நாளை எண்ணுறதுல ஒரு வம்பு

நடுவுல இதையும் சொல்லிடணும், ஏன்னா நிறைய கம்பெனி இதை சாஃப்ட்வேர்ல போட்டு வச்சுட்டு வெளிய சொல்றதே இல்ல. பிராட்ஃபோர்ட் ஃபேக்டர்னு ஒரு ஃபார்முலா. எத்தனை தடவ லீவ் போட்டீங்களோ அதை அதாலயே பெருக்கி, அப்புறம் மொத்த நாளால பெருக்கணும். ஒருத்தர் ஆபரேஷனுக்காக ஒரே மூச்சுல 10 நாள் போட்டா 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, ஸ்கோர் 10. இன்னொருத்தர் ஒவ்வொரு நாளா 10 தடவ போட்டா 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, ஸ்கோர் 1,000. ரெண்டு பேரும் வராம இருந்தது அதே 10 நாள்தான்.

திடீர் திடீர்னு ஒரு நாள் காணாமப் போனா டீம் திண்டாடும், அதை அளக்கத்தான் இந்தக் கணக்குன்னு சொல்லுவாங்க. சரி, ஆனா ஒத்தைத் தலைவலி, டயாலிசிஸ், மாசா மாசம் கீமோதெரபின்னு இருக்கிறவங்க லீவ் இயல்பாவே துண்டு துண்டாத்தான் வரும். அவங்க உடம்பு எப்படி ஏமாத்துற ஆளோட பேட்டர்ன் மாதிரி தெரியுது பாருங்க. என்னைக் கேட்டா, ஸ்கோரைப் பாத்து ஒருத்தர்கிட்ட பேச ஆரம்பிக்கலாம், ஸ்கோரை மட்டும் வச்சு மெமோ குடுக்கிறது சோம்பேறித்தனம்.

ஆக்குபேஷனல் ஹெல்த்னா என்ன, எது இல்ல

1700-ல பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு இத்தாலி டாக்டர், நோயாளிகிட்ட வழக்கமா கேக்குற கேள்வியோட "நீ என்ன வேலை பாக்குற?"ன்னும் சேத்துக் கேளுங்கன்னு மத்த டாக்டருங்களுக்கு எழுதினார். மொத்தத் துறையும் அந்த ஒரு கேள்வில அடங்கிடும். உங்க ஆர்த்தோ டாக்டருக்கு உங்க முதுகு தெரியும், உங்க வேலை தெரியாது. உங்க மேனேஜருக்கு வேலை தெரியும், முதுகு தெரியாது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குற ஆள்தான் ஆக்குபேஷனல் ஹெல்த் டாக்டர், இல்லன்னா நர்ஸ்.

அவங்க பண்றது பொதுவா என்னன்னா, உங்க வேலையோட விவரம் வாங்கி வச்சுக்குவாங்க, ஒரு நாள்ல எவ்வளவு நேரம் நிக்கணும், என்ன எடை, ஷிப்ட் எப்படி, வண்டி ஓட்டணுமா, உயரத்துல ஏறணுமா. அப்புறம் உங்ககிட்ட தூக்கம், வலி, என்ன மாத்திரை, வேலைக்கு எப்படி வர்றீங்கன்னு கேப்பாங்க. கடைசில மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு ரிப்போர்ட் போகும். அதுல இருக்க வேண்டியது மூணுல ஒண்ணு: வரலாம், இந்த இந்த மாற்றத்தோட வரலாம், இப்ப வர முடியாது. கூடவே எத்தனை வாரத்துக்கு, எப்ப மறுபடி பாக்கணும்.

இதைச் சுத்தி மூணு தப்பான எண்ணம் ஓடிட்டிருக்கு.

1. "அவங்க கம்பெனியோட வேவு ஆள்." ஐஎல்ஓவோட 1985-ம் வருஷத்து 161-ம் உடன்படிக்கை முழுக்க இந்தச் சேவையைப் பத்தினதுதான். அதோட 10-ம் பிரிவு, இந்த டாக்டருங்க தங்களோட தொழில்ல முழுச் சுதந்திரமா இருக்கணும்னு சொல்லுது. 15-ம் பிரிவு இன்னும் சுவாரசியம்: யாரு ஏன் லீவ்ங்கிற தகவல் அவங்களுக்குப் போகணும், எதுக்குன்னா வேலை இடத்துல இருக்கிற ஏதாவது ஆபத்துதான் இவங்களை நோயாக்குதான்னு பாக்க. ஆனா லீவுக்குச் சொன்ன காரணம் நிஜமான்னு சரிபாக்கிற வேலையை முதலாளி அவங்க தலைல கட்டக் கூடாது. நீங்க பொய் சொன்னீங்களான்னு பாக்கிறது அவங்க வேலையே இல்ல. காயிதத்துல அப்படி, நடைமுறைல எல்லா இடத்துலயும் அப்படியான்னா இல்லதான், சம்பளம் குடுக்கிறது கம்பெனிங்கிறது எந்த டாக்டருக்கும் மறக்காது. ஆனா ரூல் என்னன்னு தெரிஞ்சாதான அது மீறப்படுறதையே கண்டுபிடிக்க முடியும்.

2. "என் நோய் பேரு ஆபீஸ் பூரா தெரிஞ்சிடும்." நல்லா நடக்கிற முறைல மேனேஜருக்குப் போறது உங்களால என்ன முடியும்ங்கிறதுதான், நோய் பேரு போகாது. நெதர்லாந்துல கம்பெனி டாக்டர் நோயோட பேரை முதலாளிகிட்ட சொல்லக் கூடாது. ஜெர்மனில வேலை குடுக்கிறவருக்குப் போற சிக் சர்ட்டிபிகேட்ல நோய் பேருக்கு இடமே இல்ல. நம்ம பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரியையே ஸ்கேன் பண்ணி மேனேஜருக்கு மெயில் போடுற பழக்கம் இருக்கு, யாரும் கேக்கக்கூட மாட்டாங்க, நாமளே அனுப்பிடுவோம். அதுல பழைய வியாதி, குடிப்பழக்கம், கர்ப்ப விவரம் வரைக்கும் எல்லாம் இருக்கும். லீவ் பாஸ் ஆகுறதுக்கு அது அத்தனையும் வேணாம்.

3. "டாக்டர் சொல்லிட்டா கம்பெனி கேட்டே ஆகணும்." ரிப்போர்ட் ஒரு ஆலோசனைதான், முடிவு மேனேஜ்மென்ட் எடுக்கிறது. ஆலோசனையைத் தள்ளிட்டு அப்புறம் உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பேப்பர் அவங்களுக்கு எதிரா நிக்கும், அதோட பலம் அவ்வளவுதான்.

யாருக்கெல்லாம் இந்தச் சேவை கிடைக்குதுன்னு பாத்தா நாட்டுக்கு நாடு ஏணி வச்சாலும் எட்டாது. ஜப்பான்ல 50 பேராவது வேலை பாக்குற இடம் எல்லாம் ஒரு தொழில் மருத்துவரை நியமிச்சே ஆகணும். இன்னும் பல இடத்துல பெரிய தொழிற்சாலைக்கு மட்டும்தான், சின்ன ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளுக்கு அப்படி ஒரு டாக்டர் இருக்காருங்கிறதே செய்தி.

"லைட் ட்யூட்டி"ங்கிற ரெண்டு வார்த்தை

எல்லாம் உடையுற இடம் இதுதான், கொஞ்சம் நின்னு பாக்கலாம். குடோன்ல வேலை பாக்குற ஒருத்தருக்கு முதுகுல டிஸ்க் ஆபரேஷன் ஆகி எட்டு வாரம் ஆச்சுன்னு வச்சுக்கோங்க. டாக்டர் லெட்டர்ல ஒரே வரி: "வேலைக்குச் செல்லத் தகுதியானவர், லைட் ட்யூட்டி." சூப்பர்வைசர் லெட்டரைப் பாக்குறாரு, லாரி லோடு வேணாம், பேக்கிங் டேபிளுக்குப் போங்கன்னு நல்ல மனசோடதான் அனுப்புறாரு. ஒரு பெட்டி ரெண்டு கிலோ கூட இருக்காது, லைட்தான். ஆனா அந்த டேபிள்ல நாள் பூரா நின்னுட்டே இருக்கணும், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ இருக்கிற கிரேட்டுக்குக் குனிஞ்சு திரும்பணும். குனிஞ்ச வாக்குல திரும்புறதுதான் அந்த முதுகுக்கு ஆகவே ஆகாத அசைவு. நாலாவது நாள் மறுபடி வலி, மறுபடி லீவ், இப்ப சூப்பர்வைசர் "லைட் ட்யூட்டி குடுத்தும் நிக்கலையே"ன்னு சொல்றாரு, டாக்டர் "நான்தான் லைட் ட்யூட்டின்னு எழுதினேனே"ங்கிறாரு. யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது, அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தமே இல்லாததுதான் தப்பு.

அதே லெட்டர் இப்படி இருந்தா: 5 கிலோவுக்கு மேல தூக்க வேண்டாம். இடுப்புக்குக் கீழ இருந்து எதையும் எடுக்க வேண்டாம். தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல நிக்க வேண்டாம், நடுவுல உக்கார வசதி வேணும். மாத்திரை தூக்கம் வரவைக்கும், அதனால ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது, நைட் ஷிப்ட் வேணாம். இது 6 வாரத்துக்கு, அதுக்கப்புறம் மறுபரிசோதனை. அஞ்சே வரிதான். ஆனா இதைப் பாத்த சூப்பர்வைசர் பேக்கிங் டேபிளுக்கு அனுப்ப மாட்டாரு, ஸ்டாக் ரிஜிஸ்டர் பாக்க அனுப்புவாரு, இல்ல கிரேட்டை மேஜை உயரத்துக்கு ஏத்தி வைப்பாரு.

பிரிட்டன்ல 2010-ல இதுக்காகவே பழைய சிக் நோட்டை எடுத்துட்டு ஃபிட் நோட்னு கொண்டு வந்தாங்க. பழசுல வேலைக்குப் போலாம், இல்ல போகக் கூடாதுன்னு ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும். புதுசுல "சில மாற்றத்தோட வேலைக்கு வரலாம்"னு ஒரு கட்டம், அதுக்குக் கீழ நாலு வழி: படிப்படியா திரும்புறது, நேரத்தை மாத்துறது, வேலையை மாத்துறது, இடத்துல வசதி பண்றது. ஒரு ஃபார்ம்ல ஒரு கட்டம் கூடினதுக்கு இவ்வளவு பெருமையான்னு தோணலாம், ஆனா கட்டம் இல்லன்னா எந்த டாக்டரும் அதை எழுதுறதே இல்ல.

படிப்படியா திரும்புறது, அதுல வர்ற காசுக் கேள்வி

நீண்ட லீவுக்கப்புறம் முதல் நாளே ஒன்பது மணி நேரம் உக்காருறது பல பேருக்கு முடியாது. அதனால முதல் ரெண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும் அரை நாள். அடுத்த ரெண்டு வாரம் அஞ்சு நாளும் அரை நாள். அப்புறம் ஆறு மணி நேரம், அப்புறம் முழு நேரம். நடுவுல ஒரு நாள் இடைவெளி விடுறதுக்குக் காரணம் இருக்கு, உடம்பு எவ்வளவு தாங்குச்சுங்கிறது பல நோய்ல மறுநாள்தான் தெரியும்.

இதுல எல்லாரும் மறக்கிறது, நேரத்தைக் குறைச்சவங்க வேலையைக் குறைக்கிறதில்ல. அரை நாள் வர்றவர் கைல முழு டார்கெட்டைக் குடுத்துட்டா அவர் வீட்டுக்குப் போயி லேப்டாப்பைத் திறப்பாரு, பேப்பர்ல அரை நாள், நிஜத்துல பத்து மணி நேரம். மன அழுத்தத்தால லீவ் போட்டவங்க ரெண்டாவது தடவ விழுறதுக்கு இது ஒரு முக்கியமான வழி.

காசு யாரு தர்றது? ஜெர்மனில இந்தக் காலம் முழுக்க அவர் சட்டப்படி நோயாளிதான், இன்சூரன்ஸ் காசு வந்துட்டிருக்கும், கம்பெனி வேலையைப் பழக்குது, அவ்வளவுதான். இதுக்கு முன்னாடியே 12 மாசத்துல 6 வாரத்துக்கு மேல லீவ் போன எவரையும் கூப்பிட்டு எப்படித் திரும்பலாம்னு பேச முதலாளி அழைப்பு குடுத்தாகணும், 2004-ல இருந்து இப்படி. வர்றதும் வராததும் தொழிலாளி இஷ்டம். நெதர்லாந்துல இன்னும் கெடுபிடி: ரெண்டு வருஷம் வரைக்கும் குறைஞ்சது 70 சதவீதச் சம்பளம் முதலாளி பொறுப்பு, ஆறாவது வாரத்துல கம்பெனி டாக்டரோட அலசல், எட்டாவது வாரத்துக்குள்ள எழுத்துல திட்டம், ஒழுங்கா முயற்சி பண்ணலன்னு தெரிஞ்சா மூணாவது வருஷமும் சம்பளம் குடுன்னு அரசாங்கம் சொல்லலாம். அங்க கம்பெனிங்க திரும்பி வர்றவங்களுக்காக இவ்வளவு மெனக்கெடுறது பாசத்துல இல்ல, பில் அவங்களுக்கு வருது.

இஎஸ்ஐல பாதி நோயாளி, பாதி வேலைங்கிற இந்த நடுக் கட்டமே கிடையாது. ஒரு நாள்னா அந்த நாள் நீங்க நோயாளி, இல்ல வேலைக்குப் போன ஆள். சம்பளம் வாங்கின நாளுக்கு சிக்னஸ் பெனிஃபிட் வராது. அதனால அரை நாள் போயிப் பாக்கலாம்னு நினைக்கிறவர் அரைச் சம்பளத்தோட நிப்பாரு, வீட்லயே படுத்திருந்தா 70 சதவீதம். கணக்குத் தெரிஞ்ச யாரு சீக்கிரம் திரும்புவா சொல்லுங்க. ஒண்ணு 91 நாளையும் முழுசா எடுத்துக்குவாங்க, இல்ல காசுக்குப் பயந்து ஆறாத உடம்போட முழு ஷிப்ட்டுக்கு வந்து நிப்பாங்க.

பழைய வேலைக்கே திரும்ப முடியலன்னா

சில பேருக்கு எத்தனை மாற்றம் பண்ணாலும் அந்த வேலை ஒத்து வராது. வலிப்பு வந்த டிரைவரை ஸ்டீயரிங்ல உக்கார வைக்க முடியாது. அப்ப வேற வேலைக்கு மாத்துறதுதான் வழி. இந்தியாவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தோட 20-ம் பிரிவு, சர்வீஸ்ல இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை முடியலன்னா அதே சம்பளத்துல வேற வேலை, அது இல்லன்னா கூடுதலா ஒரு போஸ்ட் உண்டாக்கியாவது வச்சுக்கணும்னு சொல்லுது. கவனிக்க வேண்டிய சொல் "அரசு நிறுவனம்". தனியார்ல வேலை பாக்குறவருக்கு இவ்வளவு கெட்டியான கைப்பிடி இல்ல, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஸ்டாண்டிங் ஆர்டர் (கம்பெனியோட எழுதி வச்ச வேலை விதிமுறை), யூனியன் ஒப்பந்தம் இருந்தா அது, இதுல என்ன எழுதியிருக்குங்கிறதுதான்.

உங்க இடத்துல ஆக்குபேஷனல் ஹெல்த்தே இல்லன்னா

பெரும்பாலான பேரு நிலைமை இதுதான். அப்ப அந்த டாக்டர் பண்ற வேலையை நீங்களும் உங்க சொந்த டாக்டரும் சேந்து பண்ணிக்க வேண்டியதுதான்.

1. ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்ல உங்க ஒரு நாள் வேலையை மணி வாரியா எழுதுங்க. பதவி பேரு வேணாம், உடம்பு என்ன பண்ணுதுன்னு எழுதுங்க: எத்தனை மாடி, எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் ஸ்க்ரீன், எத்தனை மணி நேரம் பஸ் பயணம்.

2. டாக்டர்கிட்ட "போலாமா?"ன்னு கேக்காதீங்க, அந்தத் தாளைக் காட்டி "இதுல எது இப்ப வேணாம்?"னு கேளுங்க. பென்சிலால அடிச்சுக் காட்டச் சொல்லுங்க.

3. அடிச்சதை எண்ணோட லெட்டர்ல வாங்குங்க, கிலோ, நிமிஷம், வாரம். நோய் பேரு வேணாம்னு நீங்களே சொல்லலாம், பெரும்பாலான டாக்டருங்க மறுக்க மாட்டாங்க.

4. ஜாயின் பண்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஹெச்ஆருக்கும் மேனேஜருக்கும் மெயில்ல அனுப்பிடுங்க. திங்கக்கிழமை காலைல கைல குடுத்தா, அன்னிக்கு ஷிப்ட் ஏற்கனவே போட்டாச்சும்பாங்க. வாயால ஒத்துக்கிட்ட மாற்றத்தையும் "நீங்க சொன்னபடி"ன்னு ஒரு வரி மெயில்ல திருப்பி எழுதி வச்சுக்கோங்க, மேனேஜர் மாறினா அதுதான் மிஞ்சும்.

5. மறுபடி எப்ப காட்டணும்ங்கிற தேதி லெட்டர்ல இருக்கான்னு பாருங்க. தேதி இல்லன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும், மூணாவது வாரத்துல எல்லாரும் மறந்து முழு லோடு ஏத்திடுவாங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சும் "இவரு முதுகு ஆள்"னு புரமோஷன் லிஸ்ட்ல பேரைத் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க.